கிணற்று நீர் வந்த வழி எது?

"ஏரி நிரம்பினால் என் கிணறு ஊறுமா?" பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் பயிரிடும் விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. கடும்பாறைப் பகுதியில் வெடிப்பு போகும் வழியில்தான் நீர் போகும். ஏரியோரக் கிணறு வறண்டு, தள்ளியுள்ள கிணறு ஊறுவதும் உண்டு. நீரையே சோதித்தால் விடை கிடைக்கும்.

நீரிலுள்ள பிராணவாயு அணுக்களில் சுமார் 500-க்கு ஒன்று சற்றுக் கனமானது. ஆக்சிஜன்-18 என்பது அதன் பெயர். அதில் கதிர்வீச்சு இல்லை, அஞ்ச வேண்டாம். ஏரி நீர் வெயிலில் ஆவியாகும்போது லேசான நீர் முந்திப் போகும், கனமானது தங்கும். நெல் தூற்றுகையில் பதர் பறந்து மணி நிற்பது போலத்தான். கனமான ஹைட்ரஜனையும் சேர்த்து அளக்க வேண்டும். மழைநீரில் இவ்விரண்டும் ஒரே கணக்கில் ஏறி இறங்குவதை 1961-இல் ஹார்மன் கிரெய்க் காட்டினார். ஆவியான நீர் அந்தக் கணக்கிலிருந்து விலகும்.

ஜெயங்கொண்டம் பக்கம் படிவுப் பாறை. அங்கே ஆழத்து நீர் மிகப் பழையதாக இருக்கலாம். தென்னிந்திய ஆழ நீரில் 30,000 ஆண்டுப் பருவநிலையின் தடயத்தை ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-இல் வெளியிட்டனர். அத்தகைய நீரை இறைத்தால் அடுத்த ஐப்பசி மழை ஈடு செய்யாது.

மோட்டாரைச் சற்று ஓடவிட்டு, புட்டியைக் குமிழியின்றி நிரப்பி இறுக மூடுங்கள். மூடாவிட்டால் புட்டியிலேயே ஆவியாகி, கிணற்று நீரும் ஏரி நீர் போலக் காட்டும். ஏரி நீர், மழைநீர் மாதிரிகளும் வேண்டும்.

எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை இச்சோதனை சொல்லாது. ஏரியின் அடையாளம் தெரிந்தால் தூர் வாரும் செலவு உங்கள் கிணற்றுக்கும் பயன்தரும். தெரியாவிட்டால் முதலில் வயலில் வரப்பை உயர்த்திக் கோடை உழவு செய்யுங்கள்.