சுங்கச் சோதனையும் வணிகர் உரிமையும்

பிழைப்பை நாடித் தலைநகர் போந்த நம்மவருள் வாணிபத்தில் ஈடுபட்டோர் பலர். சிறு கடையாயினும் பெரிய காரியாலயமாயினும், "சுங்க அதிகாரிகள் வந்திருக்கிறார்கள்" என்ற சொல் கேட்டதும் நெஞ்சம் நடுங்குகிறது. அவ்வதிகாரிகளுக்குச் சட்டம் அளித்துள்ள உரிமை யாது, அதன் எல்லை யாது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

1878 ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டப்படி, சுங்க கலெக்டர் விண்ணப்பித்து மாஜிஸ்திரேட்டிடம் வாரண்டு பெற வேண்டியிருந்தது. 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் அந்நடுவரை விலக்கிவிட்டது. அதன் 105 ஆம் பிரிவின்படி, பறிமுதலுக்குரிய பொருள்களோ தொடர்பான ஆவணங்களோ ஓரிடத்தில் மறைத்து வைக்கப்பட்டுள்ளன என்று நம்பக் காரணம் இருப்பின், உதவி ஆணையரோ துணை ஆணையரோ தாமே சோதனையிடலாம். பிற அதிகாரிக்கும் ஆணை தரலாம். அக்காரணத்தை ஆணையில் எழுத வேண்டுவதில்லை என்று கோபிகிஷன் அகர்வால் வழக்கில் 1967 இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆயினும், நம்பிக்கை இருந்ததா என்ற வினா வழக்கு மன்றத்தில் எழுந்தால், அதிகாரி சான்று காட்டியே தீர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு வரம்பிட்டது.

இனி, கடையைப் பூட்டிக் கைக்கொண்டு நாள்கணக்கில் அமர்ந்துவிடலாமா? 105 ஆம் பிரிவு சோதனையைப் பற்றியே பேசுகிறது. இடத்தைக் கையகப்படுத்தி வைத்திருப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இங்கு நினைவுகூரத் தக்கது டில்லியிலேயே எழுந்த வழக்கொன்று. 1953 நவம்பரில் டால்மியா குழுமத்தைச் சார்ந்த 34 இடங்களைப் போலீஸார் வாரண்டுடன் சோதனையிட்டனர். அது சுங்க வழக்கன்று. எனினும் 1954 மார்ச் 15 இல் எட்டு நீதிபதிகள் அளித்த தீர்ப்பு எல்லாச் சோதனைக்கும் பொருந்தும் கருத்தொன்றை உரைத்தது. சோதனை என்பது இடத்தின்மீதுள்ள உரிமையில் தற்காலிகமான தலையீடே என்பது அக்கருத்து. அத்தலையீடு நிலைத்துவிடின், அது சோதனையாகாது என்பது நம் துணிபு. அந்தரங்க உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்று அத்தீர்ப்பு கூறியதை, 2017 இல் ஒன்பது நீதிபதிகள் மாற்றி, அதனை அடிப்படை உரிமையாக ஏற்றனர்.

கைப்பற்றிய சரக்குக்கும் கெடு உண்டு. 110 ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் நோட்டீசு கொடாவிடில் சரக்கைத் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் காரணம் காட்டி மேலும் ஆறு மாதம் வரையே நீட்டிக்கலாம். கைப்பற்றிய ஆவணங்களுக்கு, அதிகாரி முன்னிலையில் நகல் எடுத்துக்கொள்ளவும் உரிமையுண்டு. நம்பக் காரணமின்றிச் சோதனையிட்ட அதிகாரிக்கு 136 ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் அவ்வதிகாரி உதவி ஆணையரோ அவருக்கு மேற்பட்டவரோ ஆயின், வழக்குத் தொடர மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும்; அதற்குக் கீழ்ப்பட்டவராயின் சுங்க ஆணையரின் அனுமதி வேண்டும்.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. சோதனை முறைகேடானது என்பதால் மட்டும் அதில் அகப்பட்ட சான்று தள்ளப்படுவதில்லை. வருமான வரி பற்றிய பூரண்மல் வழக்கில் 1973 இல் அவ்வாறே தீர்ப்பாயிற்று. எனவே பின்னர் வாதாடி வெல்வோம் என்றிருப்பதைவிட, அந்நேரத்திலேயே விழிப்புடன் இருத்தல் சிறந்தது.

அதிகாரிகளைத் தடுத்தலும் பூசலிடுதலும் வேண்டா. ஆணையைக் காட்டுமாறு பணிவுடன் கேளுங்கள். அவ்வட்டாரத்து நன்மக்கள் இருவர் சாட்சியாக இருக்கிறார்களா என்று பாருங்கள். சோதனை முடியும்வரை உடனிருங்கள். அது உங்கள் உரிமை. பஞ்சநாமாவைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். இந்தி எழுத்து விளங்காவிடில் அறிந்தவரை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலுக்கு நகல் பெறுங்கள்.

நேர்மையாகக் கணக்கெழுதும் வணிகருக்குச் சட்டம் பகையன்று. அதிகாரிக்கு வாயிலைத் திறக்கும் அதே சட்டம், அவர் நிற்க வேண்டிய கோட்டையும் வரைந்து வைத்திருக்கிறது. அக்கோட்டை நம்மவர் யாவரும் அறிந்திருப்பாராக.