துருவப் பனியின் வரவேடு

தருமபுரியில் என் வீட்டு மொட்டைமாடியிலும் விண்தூசு விழுகிறது. ஆனால், மண் புழுதியில் கலந்து அடையாளம் இழக்கிறது. அண்டார்க்டிகாவின் தூய பனியோ அதனை வரவேடுபோல் காத்துவைக்கிறது. அங்குக் கான்கார்டியா நிலையத்தருகே பனியை உருக்கி வடிகட்டிய பிரெஞ்சு ஆய்வாளர் குழு, ஆண்டுக்குச் சுமார் 5,200 டன் நுண்தூசு பூமியை அடைவதாக 2021-இல் கணக்கிட்டது. பெரிய விண்கற்களின் வரவு 10 டன்னைத் தாண்டுவதில்லை.

இத்தூசில் கரிமப் பொருள்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இலங்கை அறிவியலாளர் சிரில் பொன்னம்பெருமவின் குழு, 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் விண்ணிலேயே உருவான அமினோ அமிலங்களை 1970-இல் கண்டறிந்தது. எனவே, பூமியில் உயிர் தோன்றுவதற்கான முதலீட்டில் ஒரு பங்கு வானிலிருந்து வந்திருக்கலாம்.

சிறுசேமிப்பே பெருமுதலாகும் என்று வகுப்பில் கற்பித்தவன் நான். மைத்ரி, பாரதி என அண்டார்க்டிகாவில் நமக்கும் நிலையங்கள் உள்ளன. இத்தகைய அடிப்படை ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தை வீண்செலவென்று எழுத என் பொருளியல் இடந்தரவில்லை.