எம், இசட்: இரண்டெழுத்தில் தொடங்கும் கோப்பு

டாஸ் இயங்குதளத்தின் காலத்து நிரல்கள் இரண்டு வகை இயங்கு கோப்புகளாக வந்தன. எளியது காம். அதற்குத் தலைப்பகுதியே கிடையாது. கோப்பில் உள்ளதை அப்படியே எடுத்து, நினைவகத் துண்டு ஒன்றில் முதல் 256 பைட்டை விட்டு அடுத்த இடத்தில் டாஸ் வைக்கும். அங்கிருந்தே ஓட்டம் தொடங்கும். கோப்பு முழுவதும் 64 கேபிக்குள் அடங்கியாக வேண்டும்.

பெரிய நிரல்களுக்காக வந்தது இஎக்ஸ்இ. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் யாருடையது என்பதைக் கதவு திறக்காமலே வெளியில் உள்ள நான்கெழுத்தும் எண்ணும் சொல்லிவிடும். இஎக்ஸ்இ கோப்பின் தலைப்பகுதிக்கும் அதே வேலைதான். முதல் இரண்டு பைட் 77, 90. எழுத்தாகப் படித்தால் எம், இசட்: டாஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். அடுத்த நான்கு பைட் 144, 0, 3, 0 என்று இருந்தால், 512 பைட் கொண்ட பக்கங்கள் மூன்று, கடைசிப் பக்கத்தில் 144 பைட் மட்டும் என்று பொருள். மொத்தம் 1,168 பைட்.

இந்த அமைப்பின் உயிர்நாடி இடமாற்ற அட்டவணை. நினைவகத்தில் தான் எங்கே போய் உட்காரும் என்பது நிரலுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் உள்ளே துண்டு முகவரிகள் வரும் இடங்களையெல்லாம் அட்டவணை குறித்து வைக்கிறது. ஏற்றியதும் டாஸ் ஒவ்வோர் இடத்திலும் தொடக்க முகவரியைக் கூட்டித் திருத்துகிறது. 64 கேபி தடை உடைந்தது இதனால்தான்.

1985இல் விண்டோஸ் என்இ என்ற வடிவத்துடன் வந்தது. 1993இல் விண்டோஸ் என்டி, பிஇ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. இரண்டுமே பழைய தலைப்பகுதியை முன்னால் வைத்துக்கொண்டு, புதியது எங்கே இருக்கிறது என்பதை அதன் தொடக்கத்திலிருந்து 60 பைட் தள்ளிக் குறிக்கின்றன. இன்றைய விண்டோஸ் நிரலும் எம், இசட் என்றே தொடங்குகிறது.

கனடாவில் உருவான ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு போன்றவை கணினியில் தமிழ் எழுதவைத்த டாஸ் காலத்து முன்னோடிகள். இப்படிப்பட்ட பழைய டாஸ் நிரல்களை 64 பிட் விண்டோஸ் நேரடியாக ஓட்டாது. தலைப்பகுதியின் பொருள் தெரிந்திருப்பதால் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் அவற்றை இன்றும் ஓட்டுகின்றன. அதற்குக் கோப்பு சிதையாமல் கையில் இருக்க வேண்டும். வீட்டுப் பரணில் பழைய பிளாப்பிகள் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். காந்தப் பூச்சு உதிர்வதற்குள் நகல் எடுத்துவிடுங்கள்.