பத்து நாள் காபிக் கடை: லாபம் எந்த நேரத்தில் வருகிறது?

சென்னை சபாக்களில் டிசம்பர் மத்தியில் முளைக்கும் கேன்டீன்கள், ஜனவரி பிறந்த சில நாட்களில் பந்தலோடு பிரிக்கப்பட்டுவிடும். அந்தச் சில வாரங்களுக்குள் அவை சம்பாதிக்கும் பேர் சாதாரணமானதல்ல. ‘மவுண்ட்பேட்டன்’ மணி ஐயர், ‘அறுசுவை அரசு’ நடராஜன் போன்ற சமையல் கலைஞர்களின் பெயர்கள் வித்வான்களின் பெயர்களோடு சேர்ந்தே பேசப்பட்டன. எந்த சபாவில் யார் பாடுகிறார் என்று பார்க்கிறவர்கள், எந்த சபாவில் யாருடைய கேன்டீன் என்றும் விசாரித்துக்கொள்கிறார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்கள் எழுந்து காபிக்குப் போய்விடுகிறார்கள் என்பது மிருதங்க வித்வான்களின் நெடுநாள் ஆதங்கம்.

தற்காலிகக் காபிக் கடையின் தொழில் கணக்கு அந்த ஆதங்கத்துக்குள்தான் இருக்கிறது. கூட்டம் ஒரே சமயத்தில் எழுந்து வரும், ஒரே சமயத்தில் திரும்பிப் போகும். தெருமுனைக் கடைக்கு விடியற்காலை முதல் இரவு வரை வியாபாரம் பரவலாக நடக்கும். சபாவிலோ, கல்லூரி விழாவிலோ, பொருட்காட்சியிலோ பத்து நாளைக்குக் கடை போடுகிறவருக்கு அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி இரண்டு மூன்று இடைவேளைகளில் வந்து சேர வேண்டும். ருசி கட்டாயம் வேண்டும். ஆனால் வரிசையில் நின்றவர் மணி அடித்ததும் காபி வாங்காமலே அரங்கத்துக்குத் திரும்பிவிட்டால் ருசிக்கு அங்கே வேலையே இல்லை. எனவே இந்தத் தொழிலில் முதலில் யோசிக்க வேண்டியது இடைவேளையின் கால் மணி நேரத்தைத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடைக்கு நாள் வாடகை 5,000 ரூபாய், மூன்று பேருக்குக் கூலி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காபிக்கு 10 கிராம் தூள், 80 மில்லி பால், 8 கிராம் சர்க்கரை. தூள் கிலோ 700 ரூபாய், பால் லிட்டர் 60 ரூபாய் என்றால் பொருள் செலவு 12 ரூபாயைத் தாண்டும். கேஸ், தண்ணீர், சிந்தியது, கொட்டியது எல்லாம் சேர்த்து 14 ரூபாய். காபி விலை 40 ரூபாய் என்றால் ஒரு டம்ளருக்கு 26 ரூபாய் நிற்கும். வாடகையும் கூலியுமான 8,000 ரூபாயை மீட்க 308 காபி விற்றாக வேண்டும். 400 விற்றால் கையில் 2,400 ரூபாய். 250-ல் நின்றுவிட்டால் 1,500 ரூபாய் நஷ்டம்.

வாடகை குறைந்த இடத்தில் விலையையும் குறைக்கலாம். ஆனால் கணக்கின் அமைப்பு மாறாது. தூளில் இரண்டு கிராம் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு டம்ளருக்கு ஒன்றரை ரூபாய்கூட மிஞ்சாது. இடைவேளைதோறும் இருபது பேருக்குக் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் அதே நாளில் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். தூளைக் குறைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பத்து நாள் நிகழ்ச்சியில் முதல் நாள் குடித்தவரே மறுநாளும் வருகிறார்; முதல் டம்ளர் தண்ணீராக இருந்தால் அவர் வாசலுக்கு வெளியே போய்க் குடித்துக்கொள்வார்.

தூள் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி தாக்கியதால், லண்டன் சந்தையில் ரொபஸ்டா விலை 2024-ல் டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலருக்கு மேல் போனது. அந்த ஏற்றம் நம் ஊர் வறுவல் கடை வரை வந்துவிட்டது. ஆகவே போன வருஷத்துக் கணக்கை வைத்து இந்த வருஷத்து விலைப் பலகையை எழுதக் கூடாது. தூள் வாங்கும் அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்.

டிகாக்ஷன் அவசரத்துக்கு இறங்காது

எஸ்பிரசோ இயந்திரம் அழுத்தத்தால் அரை நிமிடத்தில் காபியை இறக்கிவிடும். நம் பில்டரில் வெந்நீர் தன் எடையாலேயே தூளுக்குள் புகுந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வீட்டு பில்டருக்கே கால் மணி, இருபது நிமிடம் ஆகும். ஒரு கிலோ தூள் பிடிக்கும் பெரிய பில்டரில் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கலாம். அவசரப்பட்டு மேல் தட்டை அழுத்தினால் தூள் இறுகி அடைத்துக்கொள்ளும். தட்டிக் குலுக்கினால் கசடு இறங்கும்.

தூள் தன் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ தூளில் நாலரை லிட்டர் வெந்நீர் விட்டால் இரண்டரை லிட்டர் டிகாக்ஷன் கிடைக்கும். டம்ளருக்கு 25 மில்லி என்று வைத்தால் நூறு காபி. நானூறு காபி விற்க வேண்டுமென்றால் நான்கு முறை பில்டர் போட்டாக வேண்டும். ஆறரை மணிக்கு இடைவேளை என்றால் அந்த வேளைக்கான பில்டர் ஐந்து மணிக்கே போடப்பட்டிருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலை வாங்கி, ஒவ்வொரு இடைவேளைக்கும் ஒன்றரை மணி நேரம் பின்னோக்கிக் குறித்து அடுப்புக்கு மேலே ஒட்டி வைப்பதைவிடப் பயனுள்ள முன்னேற்பாடு இந்தத் தொழிலில் வேறில்லை.

இறங்கிய டிகாக்ஷனை நேரடியாகத் தீயில் வைக்கக் கூடாது. கொதித்தால் மணம் போய்க் கசப்பு மட்டும் தங்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டிகாக்ஷன் பாத்திரத்தை இறக்கி வைத்தால் சூடு நிற்கும். காலையில் இறக்கியதை மாலை வரை நீட்டுவதும் வேண்டாம். பயன்படுத்திய தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்ஷனைக் கூட்டம் அதிகமான நேரத்தில் முதலோடு கலக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அடுத்த பில்டருக்குத் தண்ணீருக்குப் பதில் அதைக் காய்ச்சி ஊற்றலாம். டம்ளருக்கு அனுப்பக் கூடாது.

சிக்கரி கெட்ட பொருளல்ல. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் அந்த வேர், தண்ணீரைப் பிடித்து வைத்து இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது, டிகாக்ஷனுக்குக் கெட்டித்தன்மை தருகிறது. பாலோடு சேர்ந்தும் காபி நிற்பதற்கு அது உதவுகிறது. கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், விகிதம் பாக்கெட்டில் அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். 80-க்கு 20 கலவை பந்தல் கடைக்குப் பொருத்தமானது. தண்ணீருக்கு போர்வெல்லை நம்ப வேண்டாம். உப்புத் தண்ணீரில் நல்ல தூளும் சப்பென்று போகும். கேன் தண்ணீர் செலவு டம்ளருக்குச் சில காசுகள்தான்.

கவுன்டரில் நடப்பது

மாஸ்டர் ஒருவர் கேட்கக் கேட்கச் சர்க்கரை போட்டு, டிகாக்ஷன் விட்டு, பால் ஊற்றி, ஆற்றிக் கொடுத்தால் டம்ளருக்குப் பதினைந்து விநாடி ஆகும். கால் மணியில் அறுபது காபி. அதே மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு கை சேர்ந்தால் நூறைத் தாண்டலாம். அது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே தட்டில் டம்ளர்கள் ஐந்து ஐந்தாக வரிசை கட்டி நிற்கின்றன. முன் வரிசைகளில் ஒரு கரண்டி சர்க்கரை விழுந்திருக்கிறது. கடைசி வரிசையில் இல்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் உதவியாளர் நீள மூக்குக் கெட்டிலால் டிகாக்ஷனை விட்டுக்கொண்டே போகிறார். மாஸ்டர் கையில் பால் குவளை மட்டும். உயரத்திலிருந்து விழும் பாலின் வேகமே சர்க்கரையைக் கரைத்து நுரையை எழுப்பிவிடுகிறது, தனியாக ஆற்றும் வேலை மிச்சம். ‘ஸ்ட்ராங்’ என்று குரல் வந்தால் கெட்டில் ஒரு முறை கூடுதலாகச் சாய்கிறது. ‘சர்க்கரை இல்லாம’ என்றால் கை கடைசி வரிசைக்குப் போகிறது. நம் ஊரில் அந்தக் கடைசி வரிசைக்கு ஆள் அதிகம். நாலில் ஒரு வரிசையாவது சர்க்கரையில்லாமல் வைப்பது நல்லது.

காசு வாங்குகிறவர் இந்த இருவரிடமிருந்து தள்ளி உட்கார வேண்டும். காசு தொட்ட கை டம்ளரைத் தொடக் கூடாது என்பது ஒரு காரணம். கூட்டம் மிகுந்த திடலில் செல்போன் சிக்னல் திணறும் என்பது இன்னொன்று. யுபிஐ பணம் வந்து சேர்ந்ததா என்று மூன்று பேர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் பத்து காபி போயிருக்கும். கல்லாவில் டோக்கன், கவுன்டரில் காபி என்று பிரித்து, இடைவேளைக்கு முன்பே டோக்கன் விற்கத் தொடங்கினால் வரிசை ஓடும். விலையை 40, 30 என்று முழு எண்ணில் வைப்பதும் சில்லறைத் தேடலைக் குறைக்கும்.

டீ கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள். டீக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி ஆள் வேண்டும். இரண்டு அடுப்புக் கடையில் டீயைச் சேர்த்தால் இரண்டும் கெடும். குழந்தைகளுக்குப் பால் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

பால், டம்ளர், அடுப்பு

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம். தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சினால் டிகாக்ஷனைத் தாங்கும். நானூறு காபிக்கு 32 லிட்டர் வேண்டும்; அதை மொத்தமாகக் காய்ச்சாமல் ஐந்தைந்து லிட்டராகக் காய்ச்ச வேண்டும். தீரப்போகும் பாலின் மேல் புதுப் பாலை ஊற்றுவதுதான் பந்தல் கடைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. அடியில் இருப்பது லேசாகப் புளிக்கத் தொடங்கியிருந்தால் மேலே ஊற்றியதும் சேர்ந்து திரிந்துவிடும். காய்ச்சிய பால் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், காய்ச்சாத பால் 5 டிகிரிக்குள் குளிர்ந்திருக்க வேண்டும். மார்கழிச் சென்னையில் ஐஸ் பெட்டி ஒன்று போதும். சித்திரைத் திருவிழா மதுரையில் இரண்டு வேண்டும்.

காகிதக் கப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. காகிதம் என்று நினைத்து வாங்குகிற பெரும்பாலான கப்புகளின் உட்புறம் அந்தப் பூச்சுதான். அதிகாரி வந்தால் பறிமுதல், அபராதம். அதற்காக மட்டுமல்ல, சூடான காபிக்கு டபரா டம்ளர்தான் சரி என்பதாலும் எவர்சில்வருக்கே என் வாக்கு. ஆனால் டம்ளர் கழுவ ஓர் ஆள், இரண்டு தொட்டி, கொதிநீர், வடிகால் எல்லாம் வேண்டும். நூறு பேர் ஒன்றாக வரும் இடத்துக்கு நூற்றைம்பது டம்ளராவது வேண்டும். புத்தகக் காட்சி மாதிரி ஜனங்கள் நடந்துகொண்டே குடிக்கும் இடத்தில் டம்ளர் திரும்பி வராது. அங்கே டோக்கனோடு முன்பணம் வாங்கி, டம்ளரைக் கொடுத்ததும் திருப்பித் தரலாம், அல்லது மண் குவளைக்குப் போகலாம்.

வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர் எடுக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். உள்ளரங்கில் தீ மூட்ட அனுமதி இல்லையென்றால் இண்டக்ஷன்தான். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது. இரண்டு அடுப்புக்கு இரண்டு 16 ஆம்பியர் பாயின்ட் தருவீர்களா என்று இடம் பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பத்து நாள்தானே என்று உணவுப் பாதுகாப்புப் பதிவை விட்டுவிடக் கூடாது. பதிவு செய்ய வேண்டிய சிறு உணவு வணிகர்களில் தற்காலிகக் கடைக்காரரையும் விதிகள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. இந்தப் பதிவுக்கான ஃபாஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி நாளில் ஓடாமல் சில வாரம் முன்னதாகவே வாங்கி, சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பல அமைப்பாளர்கள் பதிவு எண் இல்லாமல் இடமே தருவதில்லை.

முதல் நாள் இரவே ஒவ்வொரு இடைவேளையிலும் எத்தனை டோக்கன் போனது, எத்தனை பேர் வாங்காமல் திரும்பினார்கள் என்று எழுதி வைத்தால் மறுநாள் பில்டர் நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம். சனி, ஞாயிறு கூட்டம் தனிக் கணக்கு. கடைசி நாளின் கடைசி இடைவேளைக்கு மட்டும், மிஞ்சுவது வீணாகும் என்பதால், பாதி அளவுக்கு ஏற்பாடு வேண்டும். ஒரு கிலோ பில்டரில் அரை கிலோ தூள் போட்டால் படுகை மெலிந்து தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், டிகாக்ஷன் நீர்த்துப்போகும். அரை கிலோ பில்டர் ஒன்றைத் தனியாகக் கொண்டுபோவது நல்லது. பாலையும் அதில் கிடைக்கும் ஐம்பது டம்ளருக்கு நான்கு லிட்டர் மட்டும் காய்ச்சிக்கொண்டு, மீதிப் பாக்கெட்டுகளை உடைக்காமல் ஐஸ் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.