புகை கடந்த எல்லை

பள்ளத்தை நாடும் வெள்ளம்போல, மாசுபடுத்துந் தொழில்கள் சட்டம் இளகிய நாட்டை நாடுமென்பர் பொருளியலார். இக்கூற்றின் உண்மையை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வாம்.

பழைய மோட்டார்ப் பற்றறிகளை உருக்கி ஈயத்தை மீளப் பெறுவது ஒரு கைத்தொழில். அதிலெழும் ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கவல்லது. இதனை உணர்ந்த ஐக்கிய அமெரிக்கா, ஒரு கனமீற்றர் காற்றில் இருக்கத்தக்க ஈயத்தின் அளவை 2008ஆம் ஆண்டில் 1.5 மைக்கிரோகிராமிலிருந்து 0.15 ஆகக் குறைத்தது. அயல்நாடாகிய மெக்சிக்கோவிலோ அக்காலத்தில் 1.5 வரை இடமளிக்கப்பட்டிருந்தது. 2004ஆம் ஆண்டோடு ஒப்பிட, 2011இல் அங்கு அனுப்பப்பட்ட பழைய பற்றறிகள் ஐந்து மடங்குக்கு மேலாயின. புதிய விதியின் பின், மெக்சிக்கோ ஆலைகளின் அயலில் எடை குறைந்து பிறந்த குழந்தைகள் மிகுந்தனரென ஆய்வாளர் கண்டனர்.

சட்டமொன்றே தொழிலின் இடத்தைத் தீர்மானிப்பதன்று. கூலியும் போக்குவரத்தும் மூலப்பொருளும் உடன் நிற்பன. சுண்ணக்கல்லை விட்டுச் சீமெந்து ஆலை எளிதில் அகலாது. பற்றறியோ எல்லை கடந்து செல்லவல்லது. ஆதலின், இத்தகைய தொழிலுக்கு ஒரு நாட்டின் சட்டம் மாத்திரம் போதாது. அயல்நாடுகளும் ஒத்த விதி வகுத்தல் வேண்டும். நம் முற்றத்துக் குப்பையை அயலார் வளவினுள் எறிந்துவிட்டுத் துப்புரவு செய்தோமென மகிழ்தல் அறமாகுமா?