வாலாஜாபாத் : ஒரு பாரசீக ஊர்ப்பெயரின் தோற்றம்

தொண்டைநாட்டு ஊர்ப்பெயர்களை ஆராய்வார்க்குக் காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த பகுதி ஒரு பெருங்களஞ்சியமாகும். ஊற்றுக்காடு, தென்னேரி, அவளூர் எனக் காடும் ஏரியும் ஊரும் ஈறாக நின்ற பெயர்கள் அங்குப் பல. இவற்றுள் ஊற்றுக்காடு, தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றிற்குப் பெயர் தந்த பழம்பதி. இத்தகைய பெயர்களுக்கு நடுவே, காஞ்சிக்குக் கிழக்கே பாலாற்றை அடுத்து, முழுதும் பாரசீகமாகிய ஒரு பெயரைத் தாங்கி நிற்கும் பேரூர் வாலாஜாபாத். ஊரார் பேசுவது தமிழ். ஊரின் பெயர் பேசுவது பாரசீகம். அப்பெயர் நமக்கு யாது கூறுகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

'வாலா' என்பது உயர்ந்த எனவும், 'ஜாஹ்' என்பது பதவி அல்லது மாட்சி எனவும் பொருள்படும். எனவே 'வாலாஜாஹ்' என்பது உயர்பதவியுடையான் என்னும் பொருளது. ஐதராபாத் அரசமரபின் 'ஆசப் ஜா' என்னும் பட்டத்தின் ஈற்றில் நிற்பதும் இச்சொல்லே. 'ஆபாத்' என்பது மக்கள் குடியேறித் தழைத்த இடத்தைக் குறிக்கும். நீரைக் குறிக்கும் 'ஆப்' என்னும் பாரசீகச் சொல்லினின்று இதனைத் தோற்றுவிப்பாரும் உளர். பாலாற்றங்கரை ஊருக்கு அவ்விளக்கம் இனிதாகப் பொருந்துவது போலவும் தோன்றும். ஆயினும், காத்தல் என்னும் பொருளுடைய பழைய வேரினின்று இது பிறந்ததென்பதே மொழிநூலார் பலர் கொள்கை. பொருத்தம் வேறு, பிறப்பு வேறு என்பதனைப் பெயராய்வாளர் மறத்தலாகாது.

வாலாஜாஹ் என்பது ஒருவரின் இயற்பெயரன்று, பட்டம். அதனை ஏற்றவர் 1749 முதல் 1795 வரை ஆர்க்காட்டு நவாபாக விளங்கிய முகம்மது அலி. அளித்தவர் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம். அவர் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டது 1759-ஆம் ஆண்டின் இறுதியில். ஆகவே இவ்வூர்ப்பெயர் அதற்கு முற்பட்டதாதல் இயலாது. மற்றொரு புறம், 1806-இல் வேலூர்க் கிளர்ச்சியை ஒட்டிப் புதிய தலைப்பாகையை எதிர்த்துச் சிப்பாய்களிடையே கலக்கம் தோன்றிய படைநிலையங்களுள் வாலாஜாபாத்தும் ஒன்றாகக் கூறப்படுகின்றது. எனவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு எல்லைக்குள் இப்பெயர் தோன்றி நிலைபெற்றதெனத் துணியலாம். இவ்வெல்லை பெயருக்கே உரியது, ஊருக்கு உரியதன்று. புதுப்பெயர் பெற்றமை கொண்டு குடியிருப்பும் புதியதென முடிவு செய்தல் பிழையாகும்.

இப்பெயரில் வரலாற்றின் முரண் ஒன்றும் உறைகின்றது. செங்கற்பட்டுப் பகுதியை முகம்மது அலி 1763-இல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். நிலம் கைமாறிய காலத்தை அடுத்து, அந்நிலத்தில் அவர் பட்டம் ஊர்ப்பெயராயிற்று. அப்பட்டத்தைப் பின்னர்ப் பரப்பியதும் கம்பெனியின் படையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் படையின் 83-ஆம் காலாட்படைப் பிரிவு வாலாஜாபாத்தின் பெயரையே தாங்கியிருந்தது. 1801-இல் கருநாடக ஆட்சி முழுதும் கம்பெனி வயமாயிற்று. 1855-இல் நவாப் பதவியும் ஒழிந்தது. பதவி போயிற்று, 'உயர்பதவியுடையான்' என்னும் பெயர் மட்டும் எஞ்சிற்று.

இனி ஒலிநிலை நோக்குவோம். பாரசீக வடிவம் 'வாலாஜாஹ் ஆபாத்' என்பது. தமிழ் வழக்கில் ஹகரம் தேய்ந்தது. தேய்ந்தபின் 'வாலாஜா' என்பதன்முன் 'ஆபாத்' வருமாயின், தமிழிலக்கண மரபுப்படி வகர உடம்படுமெய் தோன்றி 'வாலாஜாவாபாத்' என ஆதல் வேண்டும். அவ்வாறு ஆகாமல் இரண்டு ஆகாரங்களும் ஒன்றாயின. இதனால், தமிழ் மக்கள் இரு சொற்களைப் பெற்றுத் தாமே புணர்த்தினரல்லர், முன்னரே இறுகிய ஒரு முழுப்பெயரையே பெற்றனர் என்பது எம் கருத்து.

இதனோடு இராணிப்பேட்டையை அடுத்த வாலாஜாபேட்டையை ஒப்பிடுதல் தகும். அதுவும் அந்நவாபின் பட்டத்தையே முன்னே கொண்டது. ஆயின் ஈற்றில் நிற்பது, வணிகம் நிகழும் இடத்தைச் சுட்டி நம்மிடை வழங்கும் 'பேட்டை'. ஒரே பட்டம் ஓரிடத்தில் அரசவை மொழியின் ஈற்றையும், மற்றோரிடத்தில் மக்கள் வழக்கின் ஈற்றையும் பெற்றிருக்கின்றது. வாலாஜாபாத்தைச் சூழ்ந்த நெசவூர்களாகிய அய்யம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் பேட்டை ஈற்றனவே. அவற்றினிடையே 'ஆபாத்' என்னும் ஈறு தனித்து நிற்றல், பெயரிட்டோர் ஊராரல்லர், அரசவையோடு தொடர்புடையோரே என்பதற்கு ஒரு குறிப்பாகும்.

இத்தகைய பெயரை அயன்மொழிப் பெயரென ஒதுக்குதல் முறையோ? சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என வகுத்த தொல்காப்பியம், பிறநிலத்துச் சொற்களுக்கும் தமிழ்ச் செய்யுளில் இடம் வகுத்தது. தர்பார், சர்க்கார், ஜமீன் போன்றவை ஆட்சிவழி வந்து நம் பேச்சிற் கலந்தன. காஞ்சி நெசவாளர் நாள்தோறும் கையாளும் 'சரிகை'யையும், பொன்னைக் குறிக்கும் 'ஜர்' என்னும் பாரசீகச் சொல்லோடு இயைத்துக் காண்பர். ஆர்க்காட்டு அவையில் வரலாறு எழுதப்பெற்ற மொழியும் பாரசீகமே. முகம்மது அலியின் வரலாறு கூறும் 'துசுக்கி வாலாஜாஹி' என்னும் நூலைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகம்மது உசேன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார்.

இரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' தமிழ் ஊர்ப்பெயராய்விற்குப் பெருவழி வகுத்தது. அவ்வழிச் செல்லும் மாணவர், பழம்பெயர்களின்பாற் காட்டும் பரிவைப் பிற்காலப் பெயர்களின்பாலும் காட்டுதல் வேண்டும். ஊற்றுக்காடு கோட்டங்களின் காலத்தை நினைவூட்டுகின்றது. வாலாஜாபாத் நவாபின் காலத்தை நினைவூட்டுகின்றது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளுவோமாயின், தொண்டைநாட்டு வரலாற்றில் ஓர் ஏட்டை நாமே கிழித்தவராவோம்.