செவுள் சிவப்பா இருந்தா மட்டும் போதுமா? மீனோட ஈரல் சொல்ற ரகசியம்!

நயினார்கோவில்ல கடல் கிடையாது. ஆனாலும், மீன் கூடையோட வண்டி வந்து நின்னா செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செவுள் சிவப்பா இருந்தா ஃப்ரெஷ். ஆனா, அந்த மீன் எப்படிப்பட்ட தண்ணியில வாழ்ந்துச்சுன்னு செவுளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்றது மீனோட ஈரலும் மூளையும் பித்தப்பையும்தான்.

கடல்தண்ணியை பாட்டில்ல பிடிச்சு டெஸ்ட் பண்ணலாமேன்னு தோணுதா? நேத்து கலந்த கழிவு இன்னைக்கு அலையோட போயிருக்கும். மீன் அந்தத் தண்ணியிலேயே கிடந்த உயிர். ரசாயனம் உள்ளே போனதும் அதன் உடம்பில் சில என்சைம்களும் புரதங்களும் கூடும், சில குறையும். இவற்றைத்தான் பயோமார்க்கர்னு சொல்றாங்க. ரத்தப் பரிசோதனையில எஸ்ஜிபிடி எகிறினா டாக்டர் நம்ம கல்லீரலைச் சந்தேகப்படுவார் இல்லையா, அதே லாஜிக்!

நம்ம பக்கத்து உதாரணத்துக்கே வருவோம். பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற பூச்சிமருந்துகள்ல ஆர்கனோபாஸ்பேட் ஒரு வகை. மழைத்தண்ணியோட வரப்பு தாண்டி, கண்மாய் தாண்டி, அது கடல் வரைக்கும் போகலாம். நரம்பு ஒரு தகவலைக் கடத்தி முடிச்சதும் அந்த இடத்தைச் சுத்தம் செய்றது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்ங்கிற என்சைம். இந்த மருந்து அதோட கையைக் கட்டிப்போட்டுடும். தண்ணியில மருந்து சிதைஞ்சு காணாமப்போன பிறகும், மீனின் மூளையில் அந்த என்சைம் பழைய அளவுக்குத் திரும்பப் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். திருடன் போயிட்டான், கைரேகை இருக்கு.

எண்ணெய்க் கழிவு விஷயத்தில் பித்தப்பைதான் சாட்சி. எண்ணெயிலுள்ள நச்சுகளை ஈரல் உடைச்சு பித்தநீருக்கு அனுப்பிடும். அதனால சதையில் தேடினா பெருசா எதுவும் சிக்காது. 2017-லும் 2023-லும் எண்ணெய் படர்ந்த எண்ணூர் மாதிரி இடங்களுக்கு இது முக்கியமான சோதனை.

எண்ணூர் மீன்களை அதுக்கு முன்னாடியே பரிசோதிச்சிருக்காங்க, சென்னை பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வாளர்கள். எண்ணூர் முகத்துவார மடவை மீனையும், சுத்தமான கோவளம் மடவையையும் ஒப்பிட்டாங்க. எண்ணூர் மீனின் ஈரலில் செல்களின் கொழுப்பு அதிகமா சிதைஞ்சிருந்தது. காவலுக்கு நிக்கிற குளுட்டதயோன் குறைஞ்சிருந்தது.

ஒரு சிக்கலும் இருக்கு. வெயில், பட்டினி, முட்டையிடும் பருவம்னு எதுக்கெல்லாமோ இந்த அளவுகள் மாறும். ஒப்பிட ஒரு சுத்தமான இடம் இல்லைன்னா நம்பரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. 21 தீவுகளோட 1986-ல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடா நம்ம கையில இருக்கு. மடவையின் இயல்பான அளவுகளை ஏதாவது நடக்குறதுக்கு முன்னாடியே அங்கே எடுத்துவைக்கணும். எண்ணெய் கொட்டின பிறகு எடுத்தா எதோட ஒப்பிடுறது?

அப்போ மீன் சாப்பிடலாமா? தாராளமா. பயோமார்க்கர் காட்டுறது மீனுக்கு இருக்கிற கஷ்டத்தை. சதையில் பாதரசம் மாதிரி ஏதாவது இருக்கான்னு பார்க்கிறது தனி டெஸ்ட். கழுவும்போது மட்டும் பித்தப்பை உடையாம குடலோட சேர்த்து எடுத்துடுங்க. உடைஞ்சா குழம்பும் கசக்கும்!